பெரியவருக்குப் பைபாஸ்

அன்பும் மதிப்பும் மிக்க சம்பந்தி அவர்களுக்கு,

நலம். கடிதத்தின் முதல் சொல்லாக இதை எல்லோரும் எழுதுவதால் தாங்கள் படிக்காமல் தாண்டியிருக்கக்கூடும். தயவுசெய்து திரும்பிப் போய் ஒருமுறை படிக்கவும். நான் நலம். இக்கடிதத்தில் நான் சொல்ல வந்ததே அந்த ஒரு சொல்தான். மற்றதெல்லாம் அதற்கு உரை. தங்கள் நலத்தையும், தங்கள் துணைவியார், மாப்பிள்ளை ஆகியோர் நலத்தையும் அறிய ஆவல். தாங்கள் அன்போடு கொண்டுவந்து தந்த ஆப்பிள்களில் பதினொன்று தீர்ந்துவிட்டன. உண்மை தெரிந்தபின் மீதியைத் திருப்பித் தருவதுதான் நேர்மை என்று நினைத்தேன். என் மனைவி, கொடுத்ததைத் திருப்பித் தந்தால் சம்பந்தி வீட்டார் தப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லி ஒன்றை நறுக்கிவிட்டாள்.

எனக்கு இதய அறுவை சிகிச்சை எதுவும் நடக்கவில்லை. நடந்தது எங்கள் வீட்டு ஆம்ப்ளிஃபயருக்கு.

இதை இப்படி ஒரே வரியில் சொன்னால் தாங்கள் எனக்கு மயக்க மருந்து இன்னும் தெளியவில்லை என்று எண்ணுவீர்கள். ஆகவே ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். எங்கள் வீட்டில் பாட்டுக் கேட்கும் சாதனங்கள் இரண்டு. ஒன்று என்னுடைய ஸ்டீரியோ. இடுப்புயர ஸ்பீக்கர் இரண்டு, முகமெல்லாம் எஃகாலான ஓர் ஆம்ப்ளிஃபயர், பதினாலு கிலோ எடை. என் மகள் பிறப்பதற்கு முன்பே வாங்கியது. தன்னைவிட மூத்தது என்பதால் அவள் சிறு வயதிலேயே அதற்குப் 'பெரியவர்' என்று பெயர் வைத்துவிட்டாள். பெரியவர் தூங்குகிறாரா, பெரியவருக்குச் சூடாகிவிட்டதா, பெரியவரைத் துடைத்தாயா என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு. இரண்டாவது, அவள் தன் முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு வாங்கித் தந்த ஹோம் தியேட்டர். மூலைக்கு ஒன்றாகக் கைக்கு அடக்கமான ஸ்பீக்கர்கள், தரையில் உட்கார்ந்து 'தும் தும்' என்று குமுறுவதற்கென்றே ஒரு பெட்டி, எல்லாவற்றையும் ஆட்டிவைக்க ரிசீவர் என்று ஒன்று. தியேட்டர் ஹாலில் என் மனைவியோடு இருந்தது. பெரியவர் பின்னறையில் என்னோடு இருந்தார். மாலை ஆறு மணிக்கு அவள் படம் பார்க்க ஆரம்பிப்பாள். நான் பாட்டுக் கேட்க ஆரம்பிப்பேன். நடுவில் ஒரு சுவர். அவளுடைய படத்தில் யாராவது மாடியிலிருந்து விழுந்தால் என் புல்லாங்குழல் நடுங்கும். என் பக்கம் வயலின் உச்சத்துக்குப் போனால் அவளுடைய கதாநாயகி என்ன சொல்லி அழுதாள் என்பது அவளுக்குக் கேட்காது. இதற்காக நாங்கள் சண்டையிட்டதில்லை. சண்டையிட ஒரே அறையில் இருக்க வேண்டும்.

தங்கள் வீட்டு மாடிப் பகுதி கட்டி முடிந்ததும், அதாவது ஆறு மாதம் கழித்து, திருமணம் என்று நாம் நாள் குறித்தோம் அல்லவா? அதற்கு அடுத்த வாரம் என் மகள் ஹாலுக்கும் பின்னறைக்கும் நடுவே நின்று, இரண்டு சத்தத்தையும் ஒரே நேரத்தில் கேட்டுவிட்டு, "நான் போனப்புறம் நீங்க ஒரு ரூம்ல, அம்மா ஒரு ரூம்ல. பேசணும்னா சுவருதான் ரெண்டு பேருக்கும் நடுவுல பேசிக்கிட்டிருக்கணும். அதுக்குள்ள ரெண்டு செட்டையும் ஒண்ணாக்குங்கப்பா" என்றாள். அவள் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் 'நான் போனப்புறம்' என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. ஆறு மாதம் இருக்கிறதே என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆறு மாதத்தில் ஒரு மனிதன் எதற்கும் தயாராகிவிடலாம்.

மின்சாதன விஷயத்தில் எங்கள் குடும்பத்துக்கு என் மைத்துனர் சொல்வதுதான் சட்டம். என் மனைவியின் தம்பி. வெளியூரில் இருந்துகொண்டே, பார்க்காத இயந்திரத்தைத் தொலைபேசியில் குணப்படுத்துவார். "அத்தான், ரெண்டையும் சேக்கறது சுலபம். பழைய ஸ்பீக்கர் ரெண்டையும் தியேட்டருக்கு முன்பக்கமா வச்சிருங்க. புதுசுல ப்ரீ அவுட் இருக்கான்னு பாத்து எழுதுங்க" என்றார். முப்பத்தொரு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். அந்த அனுபவம் இங்கே எனக்குக் கைகொடுக்கவில்லை. தமிழில் 'ப்ரீ' என்று எழுதினால் முன்னதாக என்பதும் அதுதான், இலவசம் என்பதும் அதுதான். நான் தியேட்டர் வாங்கிய கடைக்கே போய், இதோடு ப்ரீயாக ஓர் அவுட் தர வேண்டுமாமே, எங்களுக்குத் தரவில்லையே என்று பணிவாகக் கேட்டேன். கடைக்காரர் ரசீதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேசைக்கு அடியில் குனிந்து ஒரு சாவி வளையத்தை எடுத்துத் தந்தார். அதை ரிசீவரில் எங்கே மாட்டுவது என்று மைத்துனரிடம் கேட்டபோதுதான், அது இலவசம் அல்ல, ஒலியை வெளியே அனுப்பப் பின்பக்கம் இருக்கும் ஒரு துளை என்று தெரிந்தது.

துளை இருந்தது. அடுத்த தடை பெரியவரிடம். புதியதிலிருந்து வரும் ஒலி பழையதற்குள் நுழைந்தால், இரண்டுக்கும் தனித்தனியே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் இருப்பதால், யார் சொல்வதை யார் கேட்பது என்ற பிரச்சினை வருமாம். அதற்குப் பழையவர் தம் குமிழை விட்டுக்கொடுத்துவிட வேண்டும். ஒலி அந்தக் குமிழைச் சுற்றிக்கொண்டு ஒரு குறுக்குவழியில் நேராக உள்ளே போய்விடும். உழைப்பு அவருடையது, அதிகாரம் வேறொருவருடையது. அச்சகத்தில் எனக்கும் முதலாளிக்கும் இருந்த உறவு இதுதான் என்பதால் எனக்குச் சட்டென்று புரிந்தது. இந்தக் குறுக்குவழிக்கு அவர்கள் துறையில் பைபாஸ் என்று பெயர். இதய மருத்துவர்களும் தம் வேலைக்கு அதே பெயரை வைத்திருக்கிறார்கள். அறுவை செய்யும் இடத்துக்குத் தியேட்டர் என்றும் வைத்திருக்கிறார்கள். பெயர் வைப்பதற்கு முன் இரு தரப்பாரும் ஒருமுறை கலந்து பேசியிருக்கலாம்.

புதிய ஆம்ப்ளிஃபயர்களில் பைபாஸ் பிறவியிலேயே இருக்குமாம். பெரியவர் அந்தக் காலத்தவர். திறந்து, உள்ளே ஒரு சுவிட்ச் வைத்துத் தைக்க வேண்டும். நெற்றியில் எப்போதும் பூதக்கண்ணாடியோடு இருப்பதால் கண்ணாடிக்காரர் என்று அழைக்கப்படும் ஒரு மெக்கானிக் எங்கள் தெருக்கோடியில் கடை வைத்திருக்கிறார். அவரிடம் கேட்டேன். பெரியவருக்கு இடது ஸ்பீக்கர் பக்கம் அவ்வப்போது ஒலி நின்று, தலையில் ஒரு தட்டு தட்டினால் திரும்ப வரும் என்பதையும் சொன்னேன். நாளைக் காலை கொண்டுவாருங்கள், இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடலாம், ஆனால் வயதான பொருள், பொறுப்பேற்க மாட்டேன் என்றார். இதில் எனக்கு இன்னொரு சிக்கல். மூன்று வருடத்துக்கு முன் பெரியவரைத் தூக்கி என் இடுப்பு பிடித்துக்கொண்டதிலிருந்து, நான் அவரைத் தூக்கக் கூடாது என்று என் மனைவி தடை போட்டிருக்கிறாள். எனவே அவளுக்குத் தெரியாமல் கொண்டுபோவதென்று முடிவு செய்து, மைத்துனருக்கு மட்டும் செவ்வாய்க்கிழமை மாலை ஒரு செய்தி எழுதினேன். அதை இங்கே அப்படியே தருகிறேன்:

'பெரியவருக்கு இடது பக்கம் அடிக்கடி நின்றுவிடுகிறது. தியேட்டரில் சேர்க்க வேண்டுமானால் பைபாஸ் ஒன்றே வழி என்கிறார். நாளைக் காலை பத்து மணிக்குத் திறக்கிறார். வயதாகிவிட்டதால் உறுதி எதுவும் தரவில்லை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் விடமாட்டாள்.'

அனுப்பும் முன் இரண்டு முறை படித்தேன். சந்திப் பிழை இல்லை, ஒருமை பன்மை மயக்கம் இல்லை, காற்புள்ளி அரைப்புள்ளி எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஆனால் அது மைத்துனருக்குப் போகவில்லை. திருமண ஏற்பாடுகளைப் பேச மாப்பிள்ளை தொடங்கிய, இரு வீட்டாரும் இருக்கும் குழுவுக்குப் போய்விட்டது. தங்கள் வீட்டில் என்னை மரியாதையாகப் 'பெரியவர்' என்று குறிப்பிடுவீர்கள் என்று அறிவேன். அதற்கு நன்றி. என்னை நானே அப்படிக் குறிப்பிட்டுக்கொள்வேன் என்று நம்பிவிட்டீர்களே என்பதுதான் சற்று வருத்தம்.

தவறான இடத்துக்குப் போனதை அரைமணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டேன். அழிக்கலாம் என்று பார்த்தால், அதற்குள் முப்பத்தெட்டுப் பேர் கைகூப்பியிருந்தார்கள். ஓர் ஆம்ப்ளிஃபயருக்காக இத்தனை கைகளா என்று நெகிழ்ந்துவிட்டேன். இசையில் இவ்வளவு ஈடுபாடுள்ள குடும்பத்தில் பெண் கொடுக்கிறோம் என்று பெருமையாக இருந்தது. தங்கள் தம்பி, திறக்கிறவர் எங்கே படித்தவர் என்று விசாரித்திருந்தார். படிப்பெல்லாம் இல்லை, பக்கத்தில் நின்று பார்த்துப் பழகிய கைதான், ஆனால் போன வாரம்கூட மூன்றைத் திறந்தார், இரண்டு பிழைத்துக்கொண்டன என்று உண்மையை எழுதினேன். அதன்பின் அவர் எதுவும் கேட்கவில்லை.

புதன்கிழமை காலை நான் பெரியவரை ஒரு போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு கிளம்பியதும், வீட்டுத் தொலைபேசி அடிக்க ஆரம்பித்திருக்கிறது. என் மனைவி குழுச் செய்தி எதையும் படிப்பவள் அல்ல. முதலில் பேசியது என் அக்கா. "இன்னிக்குத் திறக்கறாங்களாமே, தெரியுமா?" என்று அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டிருக்கிறாள். என் மனைவி பின்னறையை எட்டிப் பார்த்தாள். ஆம்ப்ளிஃபயரும் இல்லை, ஆளும் இல்லை. தடையை மீறித் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன் என்று அவளுக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. அவள் சொன்ன பதில்தான் இத்தனைக்கும் காரணம் என்பதால், அதை மறைக்காமல் எழுதுகிறேன். "திறக்கட்டும். சொன்னா கேக்கற மனுஷனா? பழசு, போனாப் போகுதுன்னு விடுங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்." அக்கா அதிர்ச்சியில் போனை வைத்துவிட்டாள். அடுத்ததாகப் பேசியது தங்கள் துணைவியார். ஆறுதல் சொல்லத்தான் பேசினார். என் மனைவி அவரிடம், எனக்குத் தெரியாமல் போயிருக்கிறார், வரட்டும், வீட்டுக்குள் விடுவதா வேண்டாமா என்று யோசிக்கிறேன், எப்படியும் அது போய்விட்டால் பின்னறையில் இடம் மிச்சம் என்று பேசியிருக்கிறாள். கணவன் உயிருக்குப் போராடும்போது அறையை அளக்கும் பெண்ணிடம் நமக்கு வரப்போகும் மருமகளை ஆறு மாதம் விட்டுவைக்கலாமா என்று தங்கள் துணைவியார் பதறியதாக அறிகிறேன். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நானே அந்த இடத்தில் இருந்தால் அன்று மாலையே பெண்ணை அழைத்துப் போயிருப்பேன். ஆனால் என் மனைவி நல்லவள். அவள் திட்டியது ஆம்ப்ளிஃபயரைத்தான். என்னையும் கொஞ்சம்.

அன்று பதினொன்றரைக்குத் தாங்கள் என் கைபேசிக்கு அழைத்தீர்கள். நான் கண்ணாடிக்காரர் கடையில், ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எதிரே பெரியவர் மூடி கழற்றப்பட்டுக் கிடந்தார். நாம் பேசியதைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இப்போது உண்மை தெரிந்த கண்களோடு அதைத் திரும்பப் பார்க்க வேண்டுகிறேன்.

"சம்பந்தி, திறந்தாச்சா?" என்றீர்கள்.

"ஆச்சு. உள்ள ஒரே தூசி. ஒரு கரப்பான்பூச்சி வேற."

உடனே தாங்கள், "பேசறது யாரு?" என்றீர்கள்.

"நான்தான்."

"நீங்களேவா? வலி இல்லையா?"

"இடுப்புலதான் கொஞ்சம். பதினாலு கிலோ இல்லையா? ஆட்டோ கிடைக்கல, தூக்கிக்கிட்டே நடந்து வந்துட்டேன்."

"யாரைத் தூக்கிக்கிட்டு?"

"பெரியவரைத்தான். வேற யாரை?"

தாங்கள் மிகவும் மெல்லிய குரலில், "அதிகம் பேசாதீங்க சம்பந்தி, ஓய்வெடுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். பதினாலு கிலோவைத் தூக்கியவனுக்கு இவ்வளவு பரிவா என்று நான் கண்ணாடிக்காரரிடம் தங்களைப் புகழ்ந்து பேசினேன்.

பைபாஸ் வெற்றி. இடது பக்கம் ஒரு கம்பி விட்டுப்போயிருந்ததாம், அதையும் பற்றவைத்துவிட்டார். திரும்பும்போது இரண்டாவது மாடிக்கு ஏறுகையில், கடைசிப் படிக்கு முந்தின படியில் என் இடுப்பு போய்விட்டது. வைத்தியர், கடினமான தரையில் மூன்று நாள் மல்லாந்து படுத்திருக்கச் சொன்னார். கடினமான தரை எங்கள் ஹாலில்தான் இருக்கிறது. வியாழக்கிழமை மாலை தாங்கள் இருவரும் ஆப்பிளோடு வந்தபோது நான் ஹால் நடுவே தரையில் கிடந்ததும், என்னைச் சுற்றி ஸ்பீக்கர்கள் நின்றதும், என் நெஞ்சின்மேல் நான்கைந்து ஒயர்கள் போனதும் இதனால்தான். கண்ணாடிக்காரர் டீவி மேசைக்கு அடியிலிருந்து இணைப்புக் கொடுக்க, நான் படுத்தபடியே ஒயரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தரையில் இருந்த அந்தப் பெட்டி 'தும் தும்' என்று சீராக அடித்துக்கொண்டிருந்தது. தங்கள் துணைவியார் அதை ஏதோ இதயத்தை அளக்கும் கருவி என்று எண்ணி அதன்முன் நின்று கண்ணை மூடிக்கொண்டதைக் கண்டேன். பெட்டி நன்றாக இருக்கிறது என்று ரசிக்கிறார் என நினைத்தேன்.

இவர் யார் என்று தாங்கள் மேசைக்கு அடியில் நீண்ட கால்களைக் காட்டிக் கேட்டீர்கள். இவர்தான் பைபாஸ் செய்தவர் என்றேன். தாங்கள் கைகூப்பி, அவரைத் துணைவியாருக்கு 'டாக்டர்' என்று அறிமுகப்படுத்தியது எனக்கு விசித்திரமாகப் பட்டது. தொழிலாளிக்குத் தரும் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். அவர் வாயிலிருந்த டார்ச்சை எடுத்துவிட்டு, "பழசுங்க. ஆனா உள்ள நல்ல சரக்கு. இன்னும் பத்து வருஷம் தாங்கும். வெயில் படாம வச்சுக்கங்க, மேல எதையும் ஏத்தாதீங்க, வாரத்துக்கு ஒரு தடவ உலர்ந்த துணியால தொடைங்க" என்றார். தங்கள் துணைவியார் இதை ஒரு தாளில் குறித்து என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, "மறக்காமத் தொடைங்கம்மா, கோபத்தையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க" என்று சொன்னார். என் மனைவி, "நானா? அவரே தொடைச்சுக்குவாரு, வேற யாரையும் தொடவிட மாட்டாரு" என்றாள். அது உண்மை.

அடுத்து நடந்ததுதான் மிகவும் முக்கியம். தாங்கள் என்னருகே குனிந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தீர்கள். அதே நேரம் என் மனைவி, புது இணைப்பு எப்படி இருக்கிறது என்று ரிமோட்டை அழுத்தினாள். பைபாஸ் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்க வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கம் இருந்தது. அப்படி இருந்தால் சத்தத்துக்கு யாரும் பொறுப்பில்லை. பெரியவர் தம் முழு பலத்தையும் காட்டிவிடுவார். செய்தி வாசிப்பவர் வானிலை அறிக்கை வாசித்தார். நாளை லேசான தூறல் இருக்கும் என்றார். அவர் சொன்னவிதத்தில் சமையலறையில் இரண்டு தட்டுகள் விழுந்தன. தங்கள் துணைவியார் ஆப்பிள் பையைக் கட்டிக்கொண்டார். மூன்று நாள் எழுந்திருக்கக் கூடாத நான், சுவிட்சை அணைக்க ஒரே தாவாகத் தாவி எழுந்து நின்றேன். மறுநாளே எப்படி நிற்கிறார் பாருங்கள் என்று தாங்கள் இருவரும் வியந்ததை இப்போது புரிந்துகொள்கிறேன். அந்த இரைச்சலில் தாங்கள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. தங்கள் வாய் அசைந்தது. மரியாதைக்கு நான் தலையசைத்தேன். தாங்கள் என் கையைப் பிடித்துக் கண்கலங்கினீர்கள். நானும் இடுப்பு வலியில் கண்கலங்கினேன்.

நான் எதற்குத் தலையசைத்தேன் என்பதை வெள்ளிக்கிழமை என் அக்கா வந்து சொன்னாள். அவள் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். விடையை மட்டும் சொன்னால் ஏற்கமாட்டாள், வழியையும் காட்ட வேண்டும். வந்ததும், "சட்டையைக் கழட்டு, தையலைப் பாக்கணும்" என்றாள். எந்தத் தையல் என்று நான் கேட்டேன். அவளாகவே பொத்தானைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு கீறல்கூட இல்ல. என்ன டாக்டர்டா இவரு" என்று மலைத்துப்போனாள். அப்போதுதான், ஆயுளில் முதல் முறையாக, என் வாக்கியங்களை ஒரு வாசகன் எப்படிப் படிப்பான் என்று யோசித்தேன். எனக்கு எதுவும் நடக்கவில்லை என்று சத்தியம் செய்தேன். இந்தக் காலத்தில் தொடை வழியாகச் செய்கிறார்களாம், அதைக் காட்டு என்றாள். அறுபத்திரண்டு வயதில் ஒரு தம்பி எங்காவது எல்லை வகுக்க வேண்டும். காட்ட மறுத்தேன். அவள் அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டு, "மறைக்காதேடா. இந்த உடம்போட மூணே வாரத்துல கல்யாணத்தை எப்படித் தாங்குவே? பொண்ணு கல்யாணத்தை நீ கண்ணால பாத்துடணும்னுதானே சம்பந்தி நாளை முன்னால கொண்டுவந்திருக்காரு, நீயும் தலையாட்டினியாமே" என்றாள்.

மூன்று வாரம், சம்பந்தி. ஆறு மாதம் அல்ல.

ஆகவே இக்கடிதத்தின் வேண்டுகோள் இதுதான். என் இதயம் எந்தத் தையலும் இல்லாமல் முழுசாக இருப்பதால், திருமணத்தைப் பழைய தேதிக்கே மாற்றிவிடக் கோருகிறேன். அழைப்பிதழ் இன்னும் அச்சேறவில்லை. நானே மெய்ப்புப் பார்ப்பதால் தேதியைத் திருத்துவது ஒரு நிமிட வேலை. தங்கள் பெருந்தன்மையை நான் தவறாகப் பயன்படுத்திக்கொண்டேன் என்ற பேச்சு நாளை வரக்கூடாது என்பது ஒரு காரணம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இப்போது எங்கள் ஹாலில் பெரியவரும் தியேட்டரும் ஒன்றாகிவிட்டார்கள். நானும் என் மனைவியும் ஒரே அறையில் உட்காருகிறோம். நேற்று ஒரு மணி நேரம் அவள் படம், ஒரு மணி நேரம் என் பாட்டு. இரண்டு ஸ்பீக்கருக்கும் சரி நடுவில் இருக்கும் நாற்காலியில்தான் ஒலி சரியாகக் கேட்கும் என்பதால் அதில் யார் உட்காருவது என்று எங்களுக்குள் சின்ன இழுபறி வந்தது. எங்கள் இருவருக்கும் இல்லை என்று சொல்லி என் மகள் போய் அதில் உட்கார்ந்துகொண்டாள். அவள் அங்கே ஆறு மாதம் உட்காருவாள் என்று நான் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். மூன்று வாரம் என்றால் எத்தனை மாலை என்று தாங்களே எண்ணிப் பாருங்கள். நான் எண்ணிவிட்டேன்.

பெரியவர்கள் அனைவருக்கும் எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள்; அவர் எல்லா நலமும் பெற்று, தெளிவாக வாக்கியம் எழுதும் மனிதர்களோடு மட்டும் பழகி நீடு வாழ வேண்டும். தங்கள் துணைவியாரிடம் பக்குவமாக எடுத்துச்சொல்லி, என் மனைவியைப் பற்றிய அவர் கருத்தைச் சற்று மாற்றவும். கண்ணாடிக்காரரைத் திருமணத்துக்கு அழைத்துவிட்டீர்கள். அவர் கட்டாயம் வருவதாகச் சொல்கிறார். தயவுசெய்து அங்கே யாரும் அவரிடம் நாடி காட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
முழு ஆரோக்கியத்துடன்,
பெண்ணின் தந்தை

பின்குறிப்பு: மேற்படி கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போகும் நேரத்தில் தாங்கள் தொலைபேசியில் அழைத்துவிட்டீர்கள். புதன்கிழமை மாலையே மாப்பிள்ளை தங்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டதாகவும், என் மகள் அவரிடம் பெரியவரைப் பற்றி முன்பே சொல்லியிருந்ததால் செய்தியைப் படித்த உடனேயே அது ஆம்ப்ளிஃபயர் என்று அவருக்குத் தெரியும் என்றும், மேசைக்கு அடியில் இருந்தவரைக் கும்பிடும்போது சிரிப்பை அடக்கத் தாங்கள் பட்ட பாடு யாருக்கும் வரக்கூடாது என்றும் சொன்னீர்கள். தங்கள் துணைவியார் மாடி வேலையைச் சாக்காக வைத்து நாம் நாள் குறிக்கும் முன்பே தங்கள் வீட்டுக்குள் நான்கு முறை பேச்சைத் தள்ளிப்போட்டவர் என்பதும், இந்தப் பைபாஸ் ஒன்றுதான் அவரை இறங்கிவரச் செய்தது என்பதும் எனக்குப் புதிய செய்தி. "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னு சொல்வாங்க சம்பந்தி. நாம இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லியிருக்கோம். அதையும் போட்டு உடைக்காதீங்க" என்றீர்கள். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதற்குள் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மகள், "அப்பா, மூணு வாரம்னே இருக்கட்டும்ப்பா. அத்தையோட மாடி காயற வரைக்கும்னு நாங்க ரெண்டு பேரும் ரெண்டு வருஷமாக் காத்துக்கிட்டிருக்கோம்" என்றாள். அந்தக் குழுவில் அவளும் இருக்கிறாள் என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. முப்பத்தெட்டுக் கைகூப்பல்களில் இரண்டாவது அவளுடையது.

எனவே நான் கேட்டுக்கொண்ட எதையும் தாங்கள் செய்ய வேண்டாம். எனக்கு உடம்பு சரியில்லை. மாடிப்படியில் நடுவே ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொள்ள இன்று காலையிலிருந்து பழகி வருகிறேன். ஆனால் எழுதிய தாளைக் கிழிக்கும் பழக்கம் எனக்கு இல்லாததால், இந்த உறையை ஒட்டி, மேலே 'திருமணம் முடிந்தபின் திறக்கவும்' என்று எழுதி, அன்று மாலை மணமக்கள் புறப்பட்டுப் போனதும் தங்கள் கையில் தருவேன். வழியனுப்பும்போது நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன் என்று நினைக்கிறேன். நன்றாக நடித்தீர்கள் என்று அருகில் வந்து பாராட்டிவிட வேண்டாம்.